'அவன் அப்படித்தான்' என்னும் தீர்ப்பு

தமிழில் மிகச் சுருக்கமான மருத்துவ அறிக்கை ஒன்று உண்டு. இரண்டே சொற்கள்: 'அவன் அப்படித்தான்'. ஆட்டிசம் உள்ள இளைஞன் ஒருவன் மூன்று நாட்களாகச் சாப்பிடாமல் சுவரில் தலையை மோதிக்கொள்கிறான் என்று சொல்லிப் பாருங்கள். அண்டைவீட்டார் அனுதாபத்தோடு இதைச் சொல்வார்கள். எந்நேரமும் சிரித்துக்கொண்டிருந்த, அறிவுசார் குறைபாடுடைய பெண் ஒருத்தி ஆறு மாதங்களாக மூலையில் சுருண்டு கிடக்கிறாள் என்று சொல்லுங்கள். உறவினர் பெருமூச்சோடு இதையே சொல்வார்கள். நோயாளிக்கு இரண்டு நிமிடம் என்று விதிக்கப்பட்ட மருத்துவர் சீட்டில் ஒரு தூக்க மாத்திரையை எழுதியபடி சலிப்போடு இதையே சொல்வார். குரல்கள் வேறு, தீர்ப்பு ஒன்று. இந்தத் தீர்ப்பு பொய் என்பதும், இந்தப் பொய்யின்மீதுதான் நமது அரசுத் துறைகள் தமக்கிடையேயான மதிலை எழுப்பிவைத்திருக்கின்றன என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

சொற்களிலிருந்து தொடங்குவோம். இலக்கியம் வாசிப்பவர்கள் சொற்களின்மீது சந்தேகம் கொள்ளக் கற்றவர்கள் அல்லவா? ஆட்டிசத்துக்கு நமது அரசு ஆவணங்களில் வழங்கும் பெயர்களுள் ஒன்று 'புற உலகச் சிந்தனையற்ற மதியிறுக்கம்'. இந்தப் பெயரைச் சூட்டியவர் எவராயினும், ஆட்டிசம் உள்ள ஒருவரோடு ஒரு முழு நாளைக் கழித்தவராக இருக்க முடியாது. குக்கரின் விசில், குழல்விளக்கின் ரீங்காரம், சட்டைக் காலரின் உரசல் என்று புற உலகம் தாங்கவொண்ணாத அளவுக்கு உள்ளே புகுந்துவிடுவதுதான் அவர்களில் பலருடைய அவதி. அந்த அவதிக்குப் 'புற உலகச் சிந்தனையின்மை' என்று பெயரிட்டோம். வெள்ளத்தில் தத்தளிப்பவனுக்குத் தண்ணீரே தெரியாது என்று சான்றிதழ் எழுதியதற்கு ஒப்பானது இது.

இன்னொரு குழப்பமும் உண்டு. இங்கிலாந்தில் 'லேர்னிங் டிசெபிலிட்டி' என்றால் நாம் முன்பு மனவளர்ச்சிக் குறைவு என்றும் இப்போது அறிவுசார் குறைபாடு என்றும் குறிப்பிடுவது. நம் பள்ளிகளில் அதே சொல் எழுத்தும் எண்ணும் பிடிபடாமல் திணறும் குழந்தையின் கற்றல் குறைபாட்டைக் குறிக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்ட 21 வகைக் குறைபாடுகளில் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, மனநோய் ஆகிய நான்கும் தனித்தனியே இடம்பெறுகின்றன. அவை நான்கும் நான்கு வெவ்வேறு மனிதர்களுக்கு வருபவை என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. ஆனால் நடைமுறை அப்படித்தான் புரிந்துகொண்டிருக்கிறது.

உண்மை என்ன? 2007இல் வெளியான கிளாஸ்கோ நகர ஆய்வு ஒன்று, அறிவுசார் குறைபாடுடைய 1023 பெரியவர்களைப் பரிசோதித்தது. மருத்துவக் கணிப்பின்படி அவர்களில் 40.9 சதவீதத்தினருக்கு ஏதேனும் ஒரு மனநலச் சிக்கல் இருந்தது. பத்தில் நால்வர்! மனச்சோர்வும் பதற்றமும் மனப்பிறழ்வும் 'அறிவுள்ளவர்களுக்கு' மட்டும் ஒதுக்கப்பட்ட துயரங்கள் அல்ல. சொல்ல மொழியில்லாதவனின் துயரம் உடம்பின் வழியாக வெளிப்படுகிறது, அவ்வளவே. அவன் 'எனக்கு வாழப் பிடிக்கவில்லை' என்று சொல்வதில்லை. கையைக் கடித்துக்கொள்கிறான்.

அந்தக் கடியைப் பார்த்து 'இது ஆட்டிசத்தின் இயல்பு' என்று சொல்லி நகர்ந்துவிடுவதற்கு உளவியலில் ஒரு பெயரே இருக்கிறது. ஒரு கணிப்பின் நிழல் மற்றொரு நோயை மூடி மறைத்துவிடுவதைக் குறிக்கும் கலைச்சொல்லை ஸ்டீவன் ரைஸும் அவருடைய சகாக்களும் 1982இல் முன்வைத்தார்கள். தற்செயலாக, இந்தியா தனது தேசிய மனநலத் திட்டத்தைத் தொடங்கியதும் அதே 1982இல்தான். நாற்பதாண்டுகளுக்கு மேல் கடந்த பிறகும் அந்த நிழல் நம் மருத்துவமனைகளைவிட்டு விலகவில்லை.

இது ஏதோ ஓரிரு குடும்பங்களின் விதி என்று ஒதுக்கிவிடவும் முடியாது. இந்தியாவின் ஐந்து பகுதிகளில் 2 முதல் 9 வயதுக் குழந்தைகளிடம் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வு, ஏறத்தாழ 12 சதவீதத்தினருக்கு நரம்புவளர்ச்சி சார்ந்த ஏதேனும் ஒரு குறைபாடு உண்டு என்றது. காக்காய்வலிப்பும் செவித்திறன் குறைபாடும் இந்தக் கணக்கில் அடக்கம் என்றாலும், இது சிறிய எண் அன்று. இந்தக் குழந்தைகள் வளர்ந்து பெரியவர்கள் ஆவார்கள் என்பதை நமது திட்டங்களை வரைந்தவர்கள் யோசித்தார்களா என்பதே என் சந்தேகம்.

சட்டத்துக்கு வருகிறேன். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோய் என்பதை வரையறுக்கும்போது அறிவுவளர்ச்சிக் குறைபாட்டை அதிலிருந்து விலக்குகிறது. விலக்கியது சரிதான். அறிவுசார் குறைபாடு நோயன்று. அதைப் பைத்தியம் என்று அடைத்துவைத்த காலத்திலிருந்து விடுபட, இந்தப் பிரிப்பு தேவைப்பட்டது. ஆனால் சட்டம் சொன்னது ஒன்று, அலுவலகம் காதில் வாங்கிக்கொண்டது வேறொன்று. 'அறிவுசார் குறைபாடு மனநோய் அன்று' என்பது சட்டம். 'அறிவுசார் குறைபாடு உள்ளவனுக்கு மனநோய் வராது' என்பது அலுவலகம். இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் இடையில் விழுந்து காணாமற்போகிறவர்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இனி சங்கரன்கோவிலுக்கு வருவோம். பொதுவாகப் பேசினால் எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். ஓர் ஊரின் பேரைச் சொன்னால்தான் பேருந்துக் கட்டணம் தெரியவரும்.

விசைத்தறிச் சத்தமும் பூச்சந்தையும் ஆடித்தபசுக் கூட்டமும் கொண்ட ஊர் இது. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானபோது, திருநெல்வேலியிலிருந்து பிரிந்து அதில் சேர்ந்தது. மாவட்டத் தலைநகரான தென்காசி நாற்பது கிலோமீட்டருக்கு மேல். மருத்துவக் கல்லூரி இருக்கும் திருநெல்வேலி ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். மதுரை நூற்றுக்கும் அதிகம். இவ்வூரில் ஒரு தறித்தொழிலாளியின் குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். மகனுக்கு இருபத்திரண்டு வயது. ஆட்டிசமும் அறிவுசார் குறைபாடும் உண்டு. பேச்சு இல்லை. சில மாதங்களாக உறக்கம் இல்லை, உணவு பாதியாகிவிட்டது, தன்னைத்தானே அடித்துக்கொள்கிறான். தாய் எங்கே போவாள்?

அடையாள அட்டையும் மாதந்தோறும் வரும் பராமரிப்பு உதவித்தொகையும் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை. மாத்திரை, மக்கள் நல்வாழ்வுத் துறை. அவன் சிறுவனாக இருந்தபோது வந்துபோன சிறப்பாசிரியர், பள்ளிக்கல்வித் துறை. அவனைப் பற்றி இவ்வுலகில் அதிகம் அறிந்த அரசு ஊழியர் ஒருவேளை அவராகத்தான் இருப்பார். ஆனால் அவருடைய குறிப்பேடு மனநல மருத்துவரின் மேசைக்கு வந்து சேர வழியில்லை. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டம் வளர்ச்சித் தாமதங்களை ஆரம்பத்திலேயே கண்டறிய மாவட்ட அளவில் மையங்களை ஏற்படுத்தியது. நல்ல திட்டம், சந்தேகமில்லை. ஆனால் பதினெட்டு வயதோடு அந்தக் கதவு சாத்தப்படுகிறது. பதினெட்டாவது பிறந்தநாளன்று ஆட்டிசம் விடைபெற்றுக்கொண்டு போய்விடும் என்று நினைத்தார்கள் போலும். அதற்குப் பிறகு, 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி சட்டபூர்வப் பாதுகாவலர் நியமனத்துக்காக மாவட்ட ஆட்சியரின் குழுவை அணுகவேண்டும். அது இன்னொரு அலுவலகம், இன்னொரு கோப்பு.

தொலைபேசி இருக்கிறதே என்பார்கள். 2022 அக்டோபர் 10ஆம் தேதி தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 எண்ணுக்கு இருபத்துநான்கு மணிநேரமும் அழைக்கலாம். தற்கொலை எண்ணத்தோடு தவிக்கும் ஒருவருக்கு அந்தக் குரல் உயிரைக் காக்கும், மறுக்கவில்லை. ஆனால் பேச்சே இல்லாத ஒருவன் எந்த எண்ணை அழைத்து என்ன சொல்வான்? அவன் தாய் அழைக்கலாம். அழைத்தால், 'அருகிலுள்ள மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்' என்பதற்கு மேல் தொலைபேசியால் செய்யக்கூடியது குறைவு. அருகிலுள்ள மருத்துவமனையில்தான் நம் கதை தொடங்கியது.

ஆக, இந்த எல்லாத் துறைகளையும் ஒருங்கிணைப்பது யார்? ஒரு நெகிழிப்பைக்குள் சீட்டுகளையும் சான்றிதழ்களையும் அடுக்கி எடுத்துக்கொண்டு, ஒரு நாள் கூலியை இழந்து, பேருந்தின் இரைச்சலில் அலறும் மகனை இறுகப் பிடித்தபடி நிற்கும் அந்தத் தாய்தான். தமிழ்நாட்டில் ஆட்டிசத்துக்கான ஒருங்கிணைந்த மனநலச் சேவை என்று ஒன்று இருக்கிறதென்றால், அது அந்தப் பையில்தான் இருக்கிறது. அவளுக்குச் சம்பளம் இல்லை, விடுப்பு இல்லை, அவளுடைய மனச்சோர்வைப் பற்றிக் கேட்க ஒரு வரி எந்தப் படிவத்திலும் இல்லை.

அவள் கோமதியம்மன் சன்னதிக்குப் போவாள். சன்னதிக்கு முன்னுள்ள சக்கரக் குழியில் மனக்கலக்கம் உள்ளவர்களை உட்காரவைத்து வேண்டிக்கொள்வதும், புற்றுமண்ணைப் பூசுவதும் அங்கே நெடுநாள் வழக்கம். இங்கேதான் நமது முற்போக்கு நண்பர்கள் விழித்துக்கொள்கிறார்கள். 'மூடநம்பிக்கை' என்ற சொல் உடனே பாய்ந்து வருகிறது. அவர்களிடம் ஒன்று கேட்கவேண்டும். அந்தக் குழி யாரிடமும் சான்றிதழ் கேட்பதில்லை. ஆட்டிசமா மனநோயா, பதினெட்டுக்குக் கீழா மேலா, இத்துறையா அத்துறையா என்று விசாரிப்பதில்லை. மகனையும் தாயையும் சேர்த்து ஓரிடத்தில் உட்காரவிடுகிறது. அது அவனுடைய நோயைத் தீர்க்காது என்பது எனக்குத் தெரியும், பெரும்பாலும் அவளுக்கும் தெரியும். ஆனால் அந்த ஊரில் அவளை வேறு கதவுக்குத் திருப்பி அனுப்பாத ஒரே கதவு அதுவென்றால், வெட்கப்படவேண்டியவர் அவள் அல்லர்.

இதைச் சொன்னவுடன் ஏர்வாடியை நினைவூட்டுவார்கள். நினைவூட்டத்தான் வேண்டும். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் கீற்றுக்கொட்டகை பற்றி எரிந்தபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் கருகினார்கள். இறந்தவர்கள் 28 பேர். அந்தச் சங்கிலியை நியாயப்படுத்தும் எந்தப் பக்தியும் எனக்கு உவப்பானதன்று. ஆனால் ஏர்வாடியின் பாடத்தை நாம் பாதிதான் படித்தோம். காப்பகங்களை மூடினோம், சங்கிலியைத் தடைசெய்தோம். அந்த மனிதர்களைக் குடும்பங்கள் அங்கே கொண்டுவந்து விட்டதற்கான காரணத்தை, அதாவது சொந்த ஊரில் எதுவுமே இல்லை என்ற காரணத்தை, அப்படியே விட்டுவைத்தோம். எரிந்துபோனது கொட்டகைதான். அதை நிரப்பிய இல்லாமை இன்னும் அப்படியே இருக்கிறது.

ஏர்வாடித் தீ நிகழ்ந்த மறு ஆண்டே, 2002இல், தமிழ்நாட்டுக் கிராமக் கோயில் ஒன்றைப் பற்றிய ஆய்வு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்தது. கடுமையான மனநோயுடன் அங்கே வந்து தங்கியவர்களின் நோய்க்குறிகள், மருந்தில்லாமலே, சராசரியாக ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தன. சங்கிலியும் அடியும் இல்லாத, அச்சமூட்டாத, ஆதரவான சூழலே அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். இதைக் கோயில் மருத்துவத்துக்கான விளம்பரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மருத்துவமனைக்கான கண்டனமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஏர்வாடியில் பின்னர் மருந்தும் வேண்டுதலும் அருகருகே என்ற எண்ணத்தில் தர்காவுக்கு வருபவர்களுக்கு அரசே மனநல சிகிச்சையைக் கொண்டுபோனது. அங்கே இயன்றது இங்கே ஏன் இயலாது?

'மனநல மருத்துவர்களே போதாதபோது இதற்கு எங்கே போவது?' என்பது அடுத்த கேள்வி. உண்மைதான். இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு 0.75 மனநல மருத்துவர் என்பது 2019இல் வெளியான கணக்கு. ஆனால் இந்தப் பற்றாக்குறையைச் சொல்லிப் பெரிய கட்டடம் ஒன்றைத் தலைநகரில் எழுப்பிவிட்டால் தீர்ந்தது என்று நினைப்பவர்கள் இங்கிலாந்தைப் பார்க்கவேண்டும். பணமும் மருத்துவர்களும் இருந்த நாடு அது. 2011இல் பிரிஸ்டல் அருகே விண்டர்போர்ன் வியூ என்ற தனியார் மருத்துவமனையில் ஆட்டிசமும் அறிவுசார் குறைபாடும் உள்ளவர்களை ஊழியர்கள் அடித்து வதைத்ததை பிபிசியின் மறைவுக் கேமரா காட்டியது. ஊழியர்கள் 11 பேர் தண்டனை பெற்றார்கள். மருந்தும் அங்கே மட்டுமீறித்தான் போயிருந்தது. தக்க நோய்க்கணிப்பு இல்லாமலே மனநோய் மருந்துகளைத் தினமும் விழுங்கும் அறிவுசார் குறைபாடுடைய பெரியவர்கள் 30,000 முதல் 35,000 பேர் வரை இருப்பார்கள் என்று இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பே 2015இல் மதிப்பிட்டது. 2016இல் ஆலிவர் மெக்கவன் என்ற 18 வயது இளைஞர், தமக்கு ஒவ்வாது என்று தாமும் பெற்றோரும் எச்சரித்திருந்தும், மனநோய் மருந்து கொடுக்கப்பட்டு இறந்தார். அவருடைய தாயின் போராட்டத்தால், ஆட்டிசமும் அறிவுசார் குறைபாடும் பற்றிய பயிற்சி அந்நாட்டின் மருத்துவ, பராமரிப்பு ஊழியர்களுக்கு 2022ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகக் கட்டாயமானது.

இங்கிலாந்து இவ்வளவு விலை கொடுத்துக் கற்றது என்ன? கட்டடம் போதாது, மருந்தும் போதாது. மனிதனைத் தெரிந்த ஒரு மனிதர் வேண்டும். 2019இல் அந்நாட்டுத் தேசியச் சுகாதாரச் சேவை வகுத்த நீண்டகாலத் திட்டம், மிகச் சிக்கலான தேவைகளுள்ள குழந்தைகளுக்கும் இளையோருக்கும் ஆளுக்கொரு பொறுப்பாளரை நியமிக்க வாக்களித்தது. அதை முழுமையாக நிறைவேற்றினார்களா என்பது அவர்கள் கவலை. எண்ணம் சரியானது என்பது நம் கவனத்துக்கு உரியது.

நம்மிடம் ஒன்றுமே இல்லை என்று ஒப்பாரி வைப்பதற்கில்லை. சங்கரன்கோவில் இருக்கும் அதே தென்காசி மாவட்டத்தில்தான் ஆய்க்குடியின் அமர் சேவா சங்கம் இருக்கிறது. தாமே கழுத்துக்குக் கீழே செயலிழந்தவரான எஸ். இராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய அமைப்பு. பயிற்சிபெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் கிராமம் கிராமமாகச் சென்று குழந்தைகளின் வளர்ச்சித் தாமதத்தைக் கண்டறிந்து வீட்டிலேயே பயிற்சி தருவதும், அதை நிபுணர்கள் தூரத்திலிருந்து மேற்பார்வையிடுவதும் சாத்தியம் என்று அது செய்துகாட்டியிருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை மாத்திரையையும் இரத்த அழுத்த மாத்திரையையும் இயன்முறை சிகிச்சையையும் வீட்டுவாசலுக்குக் கொண்டுவருகிறது. உலக வங்கிக் கடனுதவியுடன் அரசு நடத்தும் 'உரிமைகள்' திட்டத்தில் 'விழுதுகள்' என்ற பெயரில் ஒருங்கிணைந்த சேவை மையங்கள் திறக்கப்பட்டன. கால்களும் கைகளும் இருக்கின்றன. இல்லாதது அவற்றைச் சேர்க்கும் முதுகெலும்பு.

கேட்பது அதிகமன்று. முதலாவது, வட்ட அளவில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் பெயர் சொல்லக்கூடிய ஒரு பொறுப்பாளர். கோப்பைத் தூக்கிக்கொண்டு அலையவேண்டியவர் அவர், தாய் அல்லர். இரண்டாவது, ஒரே குறிப்பேடு. அதில் சிறப்பாசிரியரும் மருத்துவரும் பயிற்சியாளரும் எழுதவேண்டும். மூன்றாவது, மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் வட்ட மருத்துவமனைக்கு வரும் நாட்களில், மாதம் ஒரு நாளாவது, கூட்டமும் இரைச்சலும் இல்லாத ஒரு வேளையை இவர்களுக்கென்றே ஒதுக்கவேண்டும். நான்காவது, ஒரு எளிய ஒழுங்கு. நடத்தை திடீரென்று மாறினால் முதலில் பல்வலி, காதுவலி, மலச்சிக்கல், வலிப்பு ஆகியவற்றைப் பார்ப்பது, அடுத்து வீட்டில் நிகழ்ந்த மாற்றத்தையும் இழப்பையும் கேட்பது, பிறகு மனநோயைச் சோதிப்பது, மருந்தைக் கடைசியில் எழுதுவது, எழுதியதைக் குறித்த நாளில் மறுபரிசீலனை செய்வது. ஐந்தாவது, பதினெட்டு வயதில் எதுவும் முடியக்கூடாது. இவற்றில் எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை. 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 18ஆவது பிரிவு, அரசு நடத்தும் சேவைகளிலிருந்து மனநல சிகிச்சை பெறும் உரிமையை ஒவ்வொருவருக்கும் ஏற்கெனவே தந்துவிட்டது.

கடைசியாக நம்மைப் பற்றியும் ஒரு சொல். இந்த மனிதர்களை எழுத்திலும் திரையிலும் நாம் என்ன செய்தோம்? 1990இல் வந்த 'அஞ்சலி'யில் குழந்தை இறந்துபோனது, நாம் அழுதுவிட்டு வீட்டுக்குப் போனோம். 2011இல் வந்த படத்துக்குப் பெயரே 'தெய்வத்திருமகள்'. ஒன்று சாகவேண்டும், அல்லது தெய்வமாகவேண்டும். இரண்டுக்கும் நடுவே நாற்பது வயதில், சவரம் செய்யாத முகத்தோடு, காரணம் சொல்லத் தெரியாத துக்கத்தோடு உட்கார்ந்திருக்கும் ஆணுக்கு நம் கதைகளில் இடம் அரிது. தெய்வத்துக்குப் பல்வலி வராது, மனச்சோர்வு வராது. 'தெய்வக் குழந்தை' என்பதும் 'அவன் அப்படித்தான்' என்பதன் மரியாதையான வடிவமே. இரண்டுமே அவனைப் பரிசோதிக்காமல் விடுவதற்கான காரணங்கள்.

சங்கனும் பத்மனும் யார் பெரியவர் என்று வழக்காடியபோது, அரனும் அரியும் ஓருடலாய்க் காட்சி தந்த தலம் என்று சங்கரன்கோவிலைச் சொல்வது ஐதீகம். இரு பெருந்தெய்வங்கள் ஓருடலில் இணைய முடிந்த ஊரில், இரண்டு அரசுத் துறைகளால் ஒரு குறிப்பேட்டில் இணைய முடியவில்லை. கோமதியம்மன் தவம் செய்து அந்தக் காட்சியைப் பெற்றாள் என்கிறார்கள். அந்த ஊரின் தாய்மார்கள் செய்துகொண்டிருப்பதும் தவம்தான். அவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. 'எனக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள்?' என்று அவர்கள் கேட்பது அம்மனிடம் அல்ல, நம்மிடம்.